நல்ல பிள்ளை ஏன் லாச்சியில் கை வைக்கிறான்?

கடைக்கு ஒரு ஊழியரைச் சேர்க்கும்போது எம்மவர்கள் முதலில் கேட்பது, "யாருடைய மகன்?" என்பதைத்தான். ஊர் எது, வாப்பா என்ன செய்கிறார், ஐவேளைத் தொழுகை உண்டா, பள்ளிவாசல் நிர்வாகத்தில் யாராவது அவனை அறிவார்களா என்பவை அடுத்த கேள்விகள். இவை கேட்கக்கூடாத கேள்விகள் அல்ல. ஆனால் அதே கடையில் இரண்டு வருடம் கழித்துக் கையாடல் ஒன்று பிடிபடும்போது முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு சொல்வதும் ஒரே வசனம்தான்: "நல்ல பிள்ளை என்றுதானே எடுத்தேன்."

கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். புறக்கோட்டையிலும் மலையகத்துப் பட்டினங்களிலும் இந்த வசனத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பிடிபட்டவர்களில் பலர் உண்மையாகவே நல்ல பிள்ளைகள்தான். தொழுதார்கள், நோன்பு பிடித்தார்கள், உம்மாவுக்குக் காசு அனுப்பினார்கள். முதலாளி தவறான ஆளை எடுத்தார் என்று நான் நினைப்பதில்லை. அந்த ஆள் தனியே நின்று ஒரு முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் எப்படி எடுப்பான் என்பதை யாரும் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

சூரத்துல் கஸஸின் 26 ஆவது வசனம் எமது வியாபாரக் கூட்டங்களில் அடிக்கடி ஓதப்படுகிறது. மூஸா (அலை) அவர்களை வேலைக்கு அமர்த்தும்படி தன் தந்தையிடம் சிபார்சு செய்யும் பெண், வலிமை, நம்பகத்தன்மை என்ற இரண்டு தகைமைகளைச் சேர்த்தே குறிப்பிடுகிறாள். நாமோ இரண்டாவதை மாத்திரம் எடுத்துக்கொள்கிறோம். அதையும் பரம்பரைச் சொத்துப் போலக் கருதுகிறோம். ஒரு நெருக்கடியில் சரியான முடிவுக்கு வரும் பலமும் அந்த வலிமையில் அடங்கும் என்பது எனது எண்ணம். இது தஃப்ஸீர் அல்ல, ஒரு கணக்குக்காரனின் பார்வை.

அமெரிக்காவில் டொனால்ட் கிரெஸி என்ற சமூகவியலாளர், நம்பி ஒப்படைக்கப்பட்ட பணத்தைக் கையாடிச் சிறை சென்றவர்களைச் சந்தித்துப் பேசி 1953 இல் ஒரு நூல் வெளியிட்டார். பிறருக்குச் சொல்ல முடியாத ஒரு பணப் பிரச்சினை, யாருக்கும் தெரியாமல் அதைத் தீர்க்க ஒரு வாய்ப்பு, தன் மனதுக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஒரு நியாயம் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்த இடத்தில்தான் கையாடல் நடக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. அவர்களில் பலர் திருடுவதாக நினைக்கவே இல்லை. கடனாக எடுக்கிறோம், திருப்பி வைத்துவிடுவோம் என்றே நினைத்தார்கள். எமது கடைகளில் பிடிபடுபவனும் இதையேதான் சொல்கிறான்: "அடுத்த மாசம் வைக்கத்தான் இருந்தேன் நானா."

இந்த மூன்றும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. முடிவெடுக்கும் சுபாவம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அந்தச் சுபாவத்துக்கு ஏற்பத் தவறின் வடிவமும் மாறுகிறது.

இன்றைய தேவைக்காக நாளையை மறந்துவிடும் சுபாவம் எல்லோரும் அறிந்தது. புதுப் போன், முச்சக்கரவண்டி லீசிங், சீட்டுக்காசு என்று மாதம் 20 ஆந் திகதிக்கே கை காய்ந்துவிடும். இப்படியானவன் லாச்சியில் 500, 1000 என்று எடுப்பான். சீக்கிரம் பிடிபடுவான். முதலாளிமாரின் பயம் முழுவதும் இவனைப் பற்றியதாக இருக்கிறது. நான் கண்ட கணக்குகளில் ஆகக் குறைந்த நட்டம் இவனால்தான் வந்திருக்கிறது. காசு எண்ணும் வேலையை இவனிடம் கொடுக்காதீர்கள், முற்பணத்துக்கு ஒரு கொப்பி வையுங்கள். இவனைப் பற்றி இதற்கு மேல் எழுதத் தேவையில்லை.

ஆபத்தானவன் வேறொருவன். அவன் பெரும்பாலும் கடையிலேயே ஆக விசுவாசமான ஆளாக இருப்பான்.

ஹாட்வெயார் கடை ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி, முதலாளியிடம் கேட்காமல் ஒரு கொந்தராத்துக்காரருக்கு மூன்று இலட்சம் ரூபாவுக்குச் சீமெந்தும் கம்பியும் கடனுக்குக் கொடுத்தான். காசோலை திரும்பியது. அன்றே வந்து சொல்லியிருந்தால் நட்டம் மூன்று இலட்சம், ஒரு ஏச்சு. அவன் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறொரு வாடிக்கையாளர் தந்த காசை இந்தக் கொந்தராத்துக்காரரின் பற்றில் வரவு வைத்தான். அந்த வாடிக்கையாளரின் பற்றை அடைக்க மூன்றாமவரின் காசு. மூன்றாமவருக்கு நான்காமவர். இடையில் ஓட்டையை மூடிவிடலாம் என்று ஆள் தெரியாதவர்களுக்கும் கடனுக்கு விற்றான். பதினான்கு மாதம் கழித்துத் தெரியவந்தபோது தொகை பத்தொன்பது இலட்சம். தனக்கென்று அவன் ஒரு சதமும் எடுத்திருக்கவில்லை. அந்தக் கொப்பிகளை உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

இந்தச் சுபாவத்துக்கு ஓர் அளவீடு உண்டு. டானியல் கானமன், ஆமொஸ் ட்வேர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979 இல் வெளியிட்ட ஆய்வில் பலரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். நிச்சயமாக 3000 இழப்பதா, அல்லது 4000 இழப்பதற்கு 80 வீத வாய்ப்பும் ஒன்றுமே இழக்காமல் தப்ப 20 வீத வாய்ப்பும் உள்ள ஒரு சூதை எடுப்பதா? கணக்குப்படி பார்த்தால் சூதின் சராசரி இழப்பு 3200. அது கூடிய நட்டம். ஆயினும் 92 வீதமானோர் சூதையே தெரிவுசெய்தார்கள். அதே கேள்வியை இலாபமாக மாற்றி, நிச்சயமான 3000 வேண்டுமா, 80 வீத வாய்ப்புள்ள 4000 வேண்டுமா என்று கேட்டபோது 80 வீதமானோர் நிச்சயமான 3000 போதும் என்றார்கள். இலாபம் வரும்போது நிதானமாக இருக்கும் மனிதன் நட்டத்தில் நிற்கும்போது சூதாடியாகிறான். எல்லா மனிதரிடமும் இது உண்டு. சிலரிடம் கூடுதலாக உண்டு.

உலகம் அறிந்த உதாரணம் பேரிங்ஸ் வங்கி. 1762 இல் லண்டனில் ஆரம்பிக்கப்பட்ட அந்த வங்கியை 1995 பெப்ரவரியில் சிங்கப்பூர்க் கிளையிலிருந்த நிக் லீசன் என்ற 28 வயது இளைஞர் வீழ்த்தினார். ஆரம்பம் மிகச் சிறியது. 1992 இல் புதிதாக வந்த ஓர் ஊழியர் வாங்க வேண்டிய 20 ஒப்பந்தங்களைத் தவறுதலாக விற்றுவிட்டார். நட்டம் ஏறத்தாழ 20,000 பவுண். அதை லீசன் 88888 என்ற இலக்கமுள்ள ஒரு கணக்கில் மறைத்தார். பிறகு தன் நட்டங்களையும் அதிலேயே போட்டார். மீட்கலாம் என்று பந்தயத்தைப் பெருக்கினார். 1994 முடிவில் மறைந்திருந்த நட்டம் 20 கோடி பவுணைத் தாண்டிவிட்டது. 1995 ஜனவரி 17 இல் ஜப்பானின் கோபே நகரில் பூமியதிர்ச்சி வந்து சந்தை விழுந்தபோது அவர் இன்னும் வாங்கினார். இறுதித் தொகை 82 கோடி 70 இலட்சம் பவுண். வங்கியை ஐ.என்.ஜி. நிறுவனம் ஒரு பவுணுக்கு வாங்கியது. லீசனுக்குச் சிங்கப்பூரில் ஆறரை வருடச் சிறை.

இதில் எமது கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் வேறு. கொடுக்கல் வாங்கல் செய்தவரும் லீசன், அதைக் கணக்கில் பதிந்து சரிபார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரும் லீசன். இந்த இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று 1994 ஆகஸ்டில் வங்கியின் உள்ளகக் கணக்காய்வே எழுதியது. தலைமையகம் அசையவில்லை. ஏனெனில் அவர் பெரிய இலாபம் காட்டிக்கொண்டிருந்தார். இலாபம் கொண்டுவருபவனிடம் கணக்குக் கேட்க யாருக்குத்தான் மனம் வரும்? எமது கடைகளிலும் விற்று, காசு சேர்த்து, பற்றுச்சீட்டு எழுதி, கொப்பியில் பதியும் நான்கு வேலையும் ஒருவனிடமே இருக்கிறது. "அவன் என் மகன் மாதிரி" என்று வேறு சொல்கிறோம். மகனுக்கும் நட்டம் வரும்.

சூரத்துல் பகராவின் 282 ஆவது வசனம் கடனை எழுதச் சொல்கிறது, சாட்சி வைக்கச் சொல்கிறது. குர்ஆனிலேயே ஆக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்பதை எம்மவர்கள் பெருமையோடு சொல்வார்கள். சொல்பவரின் கடையில் கடன் கொப்பி ஒருவனின் பைக்குள் இருக்கும்.

மறைப்பவனைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. அவன் லீவு எடுக்கமாட்டான். தன் வாடிக்கையாளரிடம் வேறொருவர் காசு எடுக்கப் போவதை விரும்பமாட்டான். காய்ச்சலோடும் கடைக்கு வருவான். முதலாளி அதை விசுவாசம் என்று மெச்சுவார். வருடத்துக்கு ஒரு தடவையாவது இரண்டு வாரம் கட்டாய லீவு கொடுத்து, அந்த நாட்களில் இன்னொருவரை அவனது வழித்தடத்தில் அனுப்பிப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளருக்கு நேரடியாக நிலுவைக் கூற்று அனுப்புங்கள். தபால் செலவைவிட மிச்சம் அதிகம்.

இதைவிடக் கடினமான ஒன்றும் இருக்கிறது. வாடிக்கையாளர் முன்னால் ஊழியரை ஏசும் முதலாளி, தன் கடையில் ஒளிப்பவர்களைத் தானே வளர்க்கிறார். ஒரு புடவைக் கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது, இரண்டு மீட்டர் பிழையாக வெட்டிவிட்டேன் என்று வந்து சொன்ன பொடியனுக்குக் கடை முழுக்கக் கேட்க ஏச்சு விழுந்தது. பக்கத்தில் நின்ற மற்ற நான்கு பேரும் அன்று ஒரு பாடம் படித்திருப்பார்கள். அது முதலாளி படிப்பிக்க நினைத்த பாடமாக இருந்திருக்காது.

அடுத்தவன், பெயரை மாற்றிவிட்டால் செயலும் மாறிவிடும் என்று நம்புபவன். அல்பேர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் மனிதர்கள் தம் மனச்சாட்சியைத் தற்காலிகமாகக் கழற்றி வைக்கும் வழிகளை ஆராய்ந்தவர். செயலுக்கு அழகான பெயர் வைப்பது அவற்றில் ஒன்று. எமது நாட்டில் அந்தப் பெயர் "சந்தோசம்". கொள்வனவுக்குப் பொறுப்பானவனுக்குக் கம்பனிக்காரன் தரும் கவர் ஒரு சந்தோசம். முதலாளிக்கு நட்டமில்லையே என்பான். நட்டம் விலையில் இருக்கிறது, அது அவனுக்கும் தெரியும். ஸகாத் சேகரிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் தன் தாய் தந்தையின் வீட்டில் இருந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டதை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கின்றன. கொள்வனவு ஊழியரை வைத்திருக்கும் எவரும் வேலைக்குச் சேர்க்கும் அன்றே இந்தச் சம்பவத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லும் முதலாளியின் மேசையில் வற் பதியும் பில் கொப்பி ஒன்றும் பதியாத பில் கொப்பி ஒன்றும் இருக்கக்கூடாது. இரண்டாவது கொப்பியை எழுதும் ஊழியன், பெயரை மாற்றுவது எப்படி என்று சம்பளத்தோடு கற்றுக்கொள்கிறான்.

இனி, மனதுக்குள் ஒரு தராசு வைத்திருப்பவன். தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று கண்டால் அதைத் தானே சரிசெய்துகொள்பவன். ஜெரால்ட் கிரீன்பேர்க் என்ற ஆய்வாளர் 1990 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எமக்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒரே கம்பனியின் மூன்று தொழிற்சாலைகள். அவற்றில் இரண்டில் பத்து வாரங்களுக்குச் சம்பளம் 15 வீதம் குறைக்கப்பட்டது. ஒன்றில் ஊழியர்களைக் கூட்டி, காரணத்தைக் கணக்குகளோடு விளக்கி, வருத்தம் தெரிவித்தார்கள். மற்றதில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போனார்கள். இரண்டிலும் களவு கூடியது. ஆனால் விளக்கம் கிடைக்காத இடத்தில் மிக அதிகமாகக் கூடியது. சம்பளம் பழைய நிலைக்கு வந்ததும் களவும் குறைந்தது. ஆட்கள் அதே ஆட்கள்தான்.

2019 ஏப்ரல் தாக்குதலுக்குப் பின் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கும் பிரசாரம் நடந்தபோதும், 2020 இல் கொரோனாவால் கடைகள் பூட்டப்பட்டபோதும் பலர் சம்பளத்தை வெட்டினார்கள். வேறு வழி இருக்கவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. பிறகு 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. வெட்டிய சம்பளம் அப்படியே இருக்க, அரிசி விலையும் பஸ் கட்டணமும் எங்கேயோ போயின. எத்தனை கடைகளில் ஊழியர்களை உட்கார வைத்து, நிலைமை இதுதான், இன்ன மாதம் திருப்பித் தருவேன் என்று சொன்னார்கள்? அதே வருடம் முதலாளி உம்றாவுக்குப் போய் வந்தால், போக வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தராசு வைத்திருப்பவன் அதையும் நிறுப்பான். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதமும் செலுத்த வேண்டும் என்பது சட்டம். சம்பளத்தில் 8 வீதத்தை வெட்டிவிட்டுத் திணைக்களத்துக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் கடைகள் உண்டு. அங்கே முதலில் கையாடியவர் யார் என்ற கேள்வியை நான் அந்த முதலாளிமாரிடம் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு வருகிறது. ஹாதிப் (ரழி) அவர்களின் வேலையாட்களாக இருந்த அடிமைகள் முஸைனா கோத்திரத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். முதலில் தண்டனைக்கு உத்தரவிட்ட உமர் (ரழி) அவர்கள், எஜமான் அவர்களைப் பட்டினி போடுகிறார் என்று கண்டதும் நிறுத்தினார்கள். ஒட்டகத்தின் விலை என்னவென்று உரியவரிடம் விசாரித்தார்கள். 400 திர்ஹத்துக்குக் கேட்டும் கொடுக்கவில்லை என்றார் அவர். 800 திர்ஹம் கொடுக்கும்படி எஜமானுக்குத் தீர்ப்பானது. எமது வியாபாரக் கருத்தரங்குகளில் இந்த வழக்கு ஏனோ பேசப்படுவதில்லை.

இன்னொரு வகையினர், இல்லை என்று சொல்லத் தெரியாதவர்கள். முதலாளியின் மச்சான் ஸ்டோருக்குள் வந்து பில் இல்லாமல் ஒரு பெட்டி கேட்டால் ஸ்டோர்காரன் என்ன செய்வான்? குடும்பத்தில் யார் சாமான் எடுத்தாலும் கையொப்பம் வேண்டும் என்று முதலாளி தன் வாயால், மச்சானின் முன்னால் சொல்லாதவரை அந்த ஸ்டோரின் இருப்புச் சரிவராது.

இந்தச் சுபாவங்களை நேர்முகப் பரீட்சையில் அறிய முடியுமா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வித்தாள் விற்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குக் குறுக்கு வழிகளில் நம்பிக்கை இல்லை. படிவத்தின் அடியில் இடும் நேர்மைக் கையொப்பத்தை மேலே இட வைத்தால் மக்கள் உண்மை சொல்வார்கள் என்று 2012 இல் ஓர் ஆய்வு வெளிவந்து உலகமெங்கும் பேசப்பட்டது. தரவுகள் போலியானவை என்று தெரியவந்து 2021 இல் அது மீளப்பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்வுக்கே இந்தக் கதி. நான் முதலாளிமாருக்குச் சொல்வது ஒரேயொரு கேள்விதான். "பழைய இடத்தில் நீ கடைசியாக விட்ட பிழை என்ன, அதை யாரிடம் முதலில் சொன்னாய்?" பிழையே விட்டதில்லை என்பவனைக் காசுப் பக்கம் வைக்க யோசிக்க வேண்டும். முதல் ஆறு மாதத்தில் அவன் சிறிய பிழைகளைத் தானாகக் கொண்டுவருகிறானா, நீங்கள் கண்டுபிடித்த பிறகு ஒப்புக்கொள்கிறானா என்று பாருங்கள். அதேநேரம் ஒருவனின் சுபாவம் குற்றமாகாது. அதிகமான சந்தேகத்தைத் தவிர்க்கும்படி சூரத்துல் ஹுஜுராத் எச்சரிப்பது முதலாளிக்கும் பொருந்தும்.

பிடிபட்ட பிறகு எம்மவர்கள் விடும் அவசரங்களையும் குறிப்பிட வேண்டும். கோபத்தில் அன்றே கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதும், ஊரறிய அவமானப்படுத்துவதும், வெற்றுத் தாளில் கையொப்பம் வாங்குவதும் பின்னர் முதலாளியின் கழுத்துக்கே வரும். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நீக்கியது நியாயம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, விளக்கம் கேட்டு, விசாரணை நடத்தி, ஒவ்வொன்றையும் கோவைப்படுத்துங்கள். ஐந்து வருடம் சேவை செய்தவருக்குரிய பணிக்கொடையையும் முழுதாக மறுக்க முடியாது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், மோசடியால் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கே அதைப் பிடித்துவைக்க இடமளிக்கிறது.

மேலே சொன்ன ஹாட்வெயார் முதலாளி பத்தொன்பது இலட்சத்துக்குப் பிறகு கெமரா பூட்டவில்லை. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை வாங்கி, "பிழைக் கொப்பி" என்று வெளியே எழுதி, லாச்சிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டார். யாருக்கு என்ன பிழை நடந்தாலும் அன்றே எழுத வேண்டும். எழுதியதற்கு ஏச்சு இல்லை, ஐயாயிரம் ரூபாவுக்குட்பட்டால் சம்பளத்தில் கைவைப்பதும் இல்லை. எழுதாமல் பிறகு தெரியவந்தால் மாத்திரம் விசாரணை. இரண்டு வாரம் கொப்பி வெறுமையாகவே தொங்கியது. மூன்றாவது வாரம் கடையின் ஆக மூத்த விற்பனையாளர், தகடு பன்னிரண்டைப் பழைய விலைக்குக் கொடுத்துவிட்டேன், நட்டம் 4,200 ரூபா என்று எழுதினார். முதலாளி வாசித்தார், ஒன்றும் பேசாமல் கீழே கையொப்பமிட்டார். அதன் பிறகு மற்றவர்களும் எழுதத் தொடங்கினார்கள். இப்போது மூன்றாவது கொப்பி ஓடுகிறது. சென்ற மாதம் அதைப் புரட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேற்பட்ட பிழைகள் பழைய விலைக்கு விற்றவை. விலை மாறிய நாட்களில் காலை நெரிசலுக்கிடையே சீட்டு மாற்றியதால் வந்தவை. இப்போது அவர்கள் இஷாவுக்குப் பின் கடையைப் பூட்டிவிட்டு விலைச்சீட்டு மாற்றுகிறார்கள்.